இந்தக் காய்ச்சலுக்கு எந்த ஊர்?

தங்கச்சிமடத்தில் எங்கள் அப்பத்தா வீட்டுக்குப் பின்னால் ஒரு சவுக்குத் தோப்பு. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகத் தோப்புக்குள் அங்கங்கே இடுப்பளவு குழி வெட்டி வைத்திருப்பார்கள். ராமேஸ்வரம் தீவின் மணலுக்கு ஒரு குணம் உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். குடத்தை முக்கினோமா, கன்றுக்கு ஊற்றினோமா என்று வேலை சுளுவாக முடியும். அந்தக் குழியை உட்கார்ந்து உற்றுப் பார்த்தால், தண்ணீரின் மேல் தோலோடு ஒட்டியபடி சின்னச் சின்னத் துரும்புகள் கிடப்பது தெரியும். விரலால் தொட்டால் பின்பக்கமாக வெடுக்கென்று நகரும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் புழு இப்படித்தான் மட்டமாகப் படுத்துக் கிடக்கும். அந்த வயதில் எனக்கு இது தெரியாது. குச்சியால் விரட்டி விளையாடுவோம்.

ஒரு ஆடி மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மதியம் மூன்று மணிக்கு நடுக்கம், அப்புறம் கொதிப்பு, அப்புறம் வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மறுநாள் ஒன்றும் இருக்காது. அதற்கு அடுத்த நாள் அதே மூன்று மணி. "முறைக்காய்ச்சல்" என்று அப்பத்தா சொல்லிவிட்டார். விரல் நுனியில் குத்தி ஸ்லைடில் ரத்தம் எடுத்துப்போனார்கள். முடிவு வைவாக்ஸ் மலேரியா. ஒட்டுண்ணிகள் ரத்தச் சிவப்பணுவுக்குள் பெருகி, எல்லாம் ஒரே நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வர 48 மணி நேரம் ஆகும். அப்பத்தா சொன்ன முறை அதுதான்.

மூன்று நாள் குளோரோகுயின், பதினாலு நாள் பிரைமாகுயின். நாலாவது நாளே உடம்பு சரியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தியது என் தப்பு, வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை. ஐப்பசியில் காய்ச்சல் திரும்ப வந்தது. வீட்டில் ஒரே வாக்குவாதம். "பழைய காய்ச்சல்தான், உள்ளேயே கெடந்திருக்கு" என்றார் அப்பத்தா. "இல்ல, தோப்புக் கொசு புதுசாக் கடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டு மாமாவோ, "மங்களூருக்கு போட்டு வேலைக்குப் போயிட்டு வந்த பயலுக கொண்டாந்து விட்டுட்டாங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மலேரியாவை ஒழிக்கும் வேலையில் இருப்பவர்களைக் குடைகிற கேள்வியும் இந்த மூன்றுதான். நோயாளியின் ஈரலில் உறங்கிக் கிடந்தது எழுந்ததா, இந்த ஊர்க் கொசு இந்த ஊர் ஆளிடம் எடுத்து இந்த ஊர் ஆளுக்கே கொடுத்ததா, வெளியிலிருந்து வந்ததா? பழையது என்றால் மாத்திரையை முழுசாகச் சாப்பிட வைக்க வேண்டும். உள்ளூர்ப் பரவல் என்றால் குழியையும் கிணற்றையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து என்றால் துறைமுகத்திலும் தங்கும் கொட்டகையிலும் ரத்தம் எடுக்க வேண்டும். ஆள்பலம் எல்லா இடத்திலும் குறைவு. தப்பான கதவைத் தட்டினால் அந்தப் பருவம் போயிற்று. ஸ்லைடைப் பார்த்து எந்த இனம் என்று சொல்லலாம், எந்த ஊர் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒட்டுண்ணியின் மரபணுவைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஓர் உயிரை மட்டும் பார்க்காமல் ஒரு வட்டாரத்தில் உள்ள கூட்டம் முழுவதிலும் மரபணு எப்படிக் கலந்து கிடக்கிறது என்று பார்ப்பதால் இதற்கு இனக்கூட்ட மரபியல் என்று பெயர்.

மலேரியா ஒட்டுண்ணியின் குடும்ப வாழ்க்கை கொஞ்சம் விசித்திரமானது. மனித உடம்புக்குள் அது நகல் எடுப்பதோடு சரி. ஒன்று பல ஆகும், அந்தப் பலவும் அச்சு அசல் ஒன்றே. கோடிக்கணக்கில் பெருகினாலும் புதிதாக எதுவும் கலப்பதில்லை. கலப்பு நடப்பது கொசுவின் வயிற்றில். நம் ரத்தத்தோடு உள்ளே போகும் ஆண், பெண் வடிவங்கள் அங்கேதான் சேருகின்றன. சேர்ந்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் இரட்டைத் தொகுதி மரபணுவோடு இருந்துவிட்டு, சீட்டைக் கலைத்துப் போடுவதுபோல் மரபணுக்களை மாற்றிப் பங்கிட்டு, மறுபடி ஒற்றைத் தொகுதிக்குத் திரும்பிவிடும். பிறகு குடல் சுவரில் கொப்புளமாகத் தங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகளாக எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரும்.

ஆனால் சீட்டைக் கலைக்க இரண்டு கட்டு வேண்டுமே. கொசு குடித்த ரத்தத்தில் ஒரே வகை ஒட்டுண்ணி மட்டும் இருந்தால், ஆணும் பெண்ணும் ஒரே நகல். எத்தனை தடவை கலைத்தாலும் அதே வரிசைதான் வரும். ஒரே ஆளின் ரத்தத்தில் இரண்டு மூன்று வகை சேர்ந்திருந்தால்தான் புதுச் சேர்க்கை பிறக்கும். மலேரியா தாண்டவமாடும் ஊரில் ஒருவரைப் பல கொசுக்கள் கடிக்கும், பல வகை சேரும், கலப்பும் ஓயாமல் நடக்கும். நோய் குறைந்துபோன ஊரில் ஒட்டுண்ணி தன்னோடு தானே சேருகிறது. மரபணுவின் ஒரு மூலையில் இன்ன எழுத்து இருந்தால் இன்னொரு மூலையில் இன்னதுதான் இருக்கும் என்கிற பிணைப்பு கலையாமல் தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது. ஆகவே மரபணு கலைந்து கிடக்கிறதா, பிணைந்து கிடக்கிறதா என்று பார்த்தாலே அந்த ஊரில் பரவல் எவ்வளவு என்பதை ஓரளவுக்கு ஊகிக்கலாம். காய்ச்சல் கணக்கு எழுதும் பேரேட்டில் விட்டுப்போனவர்களின் நிழலும் இதில் விழும்.

இதைப் பார்க்க முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டும் என்பதில்லை. மலேரியாவின் இன்னோர் ஒட்டுண்ணி இனமான ஃபால்சிபாரத்தின் தொகுதி 2002-இலும் வைவாக்ஸின் தொகுதி 2008-இலும் வெளியாகிவிட்டன. இரண்டுக்கும் 14 குரோமோசோம்கள். அவற்றில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது வகைக்கு வகை மாறும். ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் பதினெட்டு. இப்படிப் பத்து இடங்களின் எண்ணிக்கையை வரிசையாக எழுதினால் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் மாதிரி ஒரு அடையாளம் கிடைத்துவிடும். பாம்பன் பாலத்தில் நின்று பார்க்கிற மீனவர், தூரத்தில் வரும் விசைப்படகின் எண்ணை வைத்து எந்தத் துறைப் படகு என்று சொல்வதில்லையா, அதே சங்கதி.

ஒரு குப்பத்தில் ஒரே மாதத்தில் எட்டுப் பேருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் ஒரே எண் என்றால் ஒரே ஊற்றிலிருந்து கிளம்பி உள்ளூரில் பரவியிருக்கிறது. கொசு இங்கேதான் வேலை பார்க்கிறது. எட்டும் எட்டு எண் என்றால் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் வாங்கிவந்திருக்க வாய்ப்பு அதிகம். பேரேட்டில் இரண்டுமே "எட்டு" தான்.

இந்தக் கரையில் ஆள் நடமாட்டம் அப்படி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். நடுவில் இருக்கிற ஒன்றரை மாதத்தில் வருமானம் வேண்டுமே? மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் கேரளத்துக்கும் மங்களூருக்கும் படகு வேலைக்குப் போவது வழக்கம். மங்களூர் மலேரியாவுக்குப் பேர்போன நகரம். மறுபக்கம், ராமநாதசாமி கோவிலுக்கு வடக்கிலிருந்து ரயில் ரயிலாக யாத்ரீகர்கள். கட்டட வேலைக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் கட்டியபோதும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வந்து தங்கியிருந்தார்கள்.

காய்ச்சல் வந்தால் பழி எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இந்திக்காரப் பசங்க கொண்டாந்துட்டாங்க." டீக்கடையில் இதைச் சொல்கிறவர் இரண்டு மாதம் முன்பு மங்களூரில் படகு வேலை பார்த்துவிட்டு வந்தவராக இருப்பார். நான் இதை ஒரு பக்கச் சார்போடுதான் சொல்கிறேன். மேற்குக் கரை ஒட்டுண்ணிகளையும் ஒடிசா ஒட்டுண்ணிகளையும் ஏற்கெனவே படித்து எண்களைச் சேர்த்து வைத்திருந்தால், எட்டு நோயாளிகளின் எண் எந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிடலாம். வதந்திக்கு வேலை குறையும். ஒப்பிட அந்த எண் பட்டியல் இல்லாமல் இங்கே எடுக்கிற எண்ணை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை. முகவரிப் புத்தகம் இல்லாமல் தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதுவரை சொன்னது ஃபால்சிபாரத்துக்குச் சரியாகப் பொருந்தும். வைவாக்ஸ் அவ்வளவு லேசில் பிடி கொடுக்காது. கொசு கடித்து உள்ளே போன குஞ்சுகளில் ஒரு பங்கு ஈரலில் போய் உறங்கிவிடும். சில வாரம் கழித்து எழலாம், சில மாதம் கழித்து எழலாம். குளிர்நாட்டு வகைகளில் எட்டு ஒன்பது மாதம்கூட ஆகும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதைத்தான் கொல்லும், ஈரலை எட்டாது. எட்டுவது பிரைமாகுயின். அதையும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குக் கொடுத்தால் சிவப்பணு சிதையும் என்பதால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, திரும்பி வந்த காய்ச்சலின் எண்ணும் முதல் காய்ச்சலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் பழையது, வேறாக இருந்தால் புதுக்கடி என்று முடித்துவிடலாமா? முடியாது. ஒரே கடியில் பல வகைக் குஞ்சுகள் உள்ளே போயிருக்கலாம். முதலில் எழுந்தது ஒன்று, ஐப்பசியில் எழுந்தது இன்னொன்று. அதற்கும் முந்தின வருடக் கடியில் போனதுகூட இப்போது எழலாம். எண் வேறாக இருந்தும் அது உறங்கி எழுந்ததே என்பது வைவாக்ஸில் அடிக்கடி நடக்கிறது. ஒரு துப்பு மட்டும் உண்டு. ஒரே கொசுவின் வயிற்றில் கலைத்துப் போட்ட குஞ்சுகள் அண்ணன் தம்பிகள். அவற்றின் மரபணு பாதிக்குப் பாதி ஒத்துப்போகும். ஆடிக் காய்ச்சலும் ஐப்பசிக் காய்ச்சலும் உடன்பிறப்புகள் என்று தெரிந்தால் அப்பத்தா பக்கம் தீர்ப்பு சாயும். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் வழக்கு தள்ளிவைப்புதான். என் காய்ச்சல் விஷயத்தில் அப்பத்தா சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், சாப்பிடாமல் விட்ட மாத்திரைகளை வைத்து.

மண்டபம் முகாமைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஈரல் தூக்கம் நினைவுக்கு வரும். இன்று அது இலங்கை அகதிகள் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை அங்கேதான் சில நாள் அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். காலரா, அம்மை, பிளேக் பயம். அந்த நோய்களுக்குச் சில நாள் காவல் போதும். ஈரலில் தூங்குகிற ஒட்டுண்ணியோ காவல்காரன் முன்னால் சிரித்த முகத்தோடு நடந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறியிருக்கும். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பொதுவான இன்னொரு புதிர் கொசுவில் இருந்தது, அது அவிழ்ந்தது ராமேஸ்வரம் தீவில். சவுக்குக் குழியில் வளரும் கொசு அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். பார்வைக்கு ஒரே கொசு. உள்ளே பல இனங்கள். 1980-களில் ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். அதில் பி மாட்டை நாடும், மலேரியா பரப்புவதில் சோப்ளாங்கி என்று பெயர் எடுத்தது. ஆனால் ராமேஸ்வரத்தில் அகப்பட்டது பி. இலங்கையிலும் பி மட்டுமே. அந்த இலங்கையில்தான் 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்துப்போனார்கள். சோப்ளாங்கிக் கொசு இதைச் செய்யுமா?

1999-இல் விடை வந்தது. பி என்று நினைத்ததற்குள் இரண்டு இனம் ஒளிந்திருக்கிறது. வழக்கமான குரோமோசோம் பட்டைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் ஆண் கொசுவின் ஒய் குரோமோசோம் வடிவத்தில். ஆனால் கடிப்பது பெண், அதற்கு ஒய் கிடையாது. எனவே பெண் கொசுவை முட்டையிட வைத்து, பிறந்த ஆண் பிள்ளைகளின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். அது அப்பனிடமிருந்து வந்தது. அப்பன் எந்த இனமோ அம்மாவும் அதே இனம். எச்சிலில் மலேரியாக் குஞ்சுகளைச் சுமந்த பெண்கள் எந்தப் பக்கம் என்று பார்த்தால், அவை ஒரு வடிவத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தன. அந்த இனத்துக்கு ஈ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைப் பார்த்துத் தாயின் குலத்தைக் கண்டுபிடித்த இந்த வேலை எனக்கு ஒரு துப்பறியும் கதைக்குச் சமம். அப்புறம் இலங்கையிலும் தேடினார்கள். அங்கும் ஈ இருந்தது.

இலங்கை 1963-இல் 17 நோயாளிகள் வரை இறங்கிவிட்டு, கை தளர்ந்ததும் சில வருடத்தில் லட்சக்கணக்கில் ஏறிய நாடு. இரண்டாவது முறை விடவில்லை. உள்ளூரில் பரவிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி தென்பட்டது. சென்னையின் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் நகரத்துக் கொசு அது. தமிழ்நாட்டு மலேரியாக் கணக்கில் பெரும்பங்கு பல காலமாகச் சென்னைக்கே என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொசுவும் ஒட்டுண்ணியும் தனித்தனியே கடல் தாண்டலாம். ஒன்றையொன்று சந்தித்தால்தான் வம்பு.

ஃபால்சிபாரத்தில் ஊர் கண்டுபிடிப்பது மருந்து வேலை செய்யுமா என்பதோடும் சேர்ந்தது. குளோரோகுயினுக்கு அடங்காத வகை 1950-களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் தென்னமெரிக்காவிலும் முளைத்தது. இந்தியாவில் முதலில் பதிவானது 1973-இல் அசாமில். காரணமான மரபணு உண்டாக்கும் புரதத்தில் ஐந்து அமினோ அமிலங்களின் வரிசையைப் பார்த்தால் வம்சம் தெரியும். அசாம் பக்கம் தென்கிழக்காசிய வரிசை வந்திருக்கிறது. மற்ற இந்தியாவில் பெரும்பாலும் வேறு வரிசை. பப்புவா நியூ கினியாவிலும் அதேதான். ஒரு நோயாளியின் சொட்டு ரத்தத்தில் இப்படிப் பல ஆயிரம் மைல் பயணக் கதை எழுதியிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் கதை திரும்பவும் செய்யும்: மலாவி நாடு 1993-இல் குளோரோகுயினைக் கைவிட்டது, பத்து வருடத்துக்குள் அந்த மரபணு மாற்றம் அங்கே ஏறக்குறைய காணாமலே போயிற்று. வைவாக்ஸுக்கு இந்தியாவில் இன்னும் குளோரோகுயின்தான் கொடுக்கிறோம்.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நோயாளியும் தனி வழக்கு. அதற்கு வேண்டியது பெரிய கருவி இல்லை. ஸ்லைடுக்கு விரலில் குத்தும்போதே இன்னொரு சொட்டை வடிதாளில் தொட்டு, நிழலில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு கவரில் போட்டு வைத்தால், ஆய்வகத்தில் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை செய்ய அதுவே போதும். ராமநாதபுரம் வெயிலில் காய வைக்கிற வேலை கஷ்டமில்லை. ஐப்பசி மழைக்காலத்தில்தான் தாள் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று, வீடு வீடாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி. போன மாதத்தில் வெளியூர் போனீர்களா என்று கேட்பது ஃபால்சிபாரத்துக்குச் சரியாக இருக்கும். வைவாக்ஸ் நோயாளியிடம் ஒரு வருடப் பயணத்தையாவது கேட்க வேண்டும். போன பங்குனியில் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு மாமாவின் மகனிடம் ஒரு சுகாதாரப் பணியாளர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இதைத்தான் கேட்டார்.

"அண்ணே, வெளியூர் எங்கயும் போனீங்களா?"

வலைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"எந்த வருசத்தக் கேக்குறீங்க தம்பி?"